திரையிலிருந்து ஒலிபெருக்கி வரை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து பேரலை எழுந்த செய்தி அவர் காதில் விழுந்தது. அவர் உடனே ஊரிலிருந்த குடும்பத்தினரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டை விட்டு ஓடும்படியும் ஊராரிடம் சொல்லும்படியும் எச்சரித்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையம் ஒன்று இருந்தது. அங்கே ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. பூட்டியிருந்த கதவை உடைத்து உள்ளே போய் அதில் அறிவித்தார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஊரில் இருந்த 3,600க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள்.

அன்று இந்தியப் பெருங்கடலுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. நிலநடுக்கம் ஏற்பட்டது சிங்கப்பூர் நேரப்படி காலை 9 மணிக்குச் சற்று முன்பு. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த இரண்டு மணி நேரமும் செய்தி உலகத்தில் இருந்தது, கரையில்தான் இல்லை.

பேரிடரில் சமூக ஊடகத்தின் பங்கைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம், சிங்கப்பூரில் வாழும் எனக்கு இந்த நிகழ்வுதான் முன்னால் வந்து நிற்கிறது. இதில் சமூக ஊடகம் இல்லை. ஃபேஸ்புக்குக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. ஆனால் சமூக ஊடகம் செய்ய வேண்டிய வேலை முழுவதும் இதில் இருக்கிறது. தூரத்தில் இருந்தவர் அறிந்தார். சொன்னவர் சொந்தக்காரர் என்பதால் வீட்டார் நம்பினார்கள். ஊர் முழுவதும் கேட்கும்படி கத்துவதற்கு ஒரு கருவி இருந்தது. ஓடுவதற்கு வழியும் நேரமும் இருந்தன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருந்தாலும் நல்லவாடு வேறு கதையாகியிருக்கும். இருபது ஆண்டுகளில் நாம் முதல் கண்ணியை, அதாவது அறிந்துகொள்வதை, எத்தனையோ மடங்கு பெருக்கிவிட்டோம். மற்றவற்றை அந்த அளவுக்கு வளர்த்தோமா என்பதுதான் என் கவலை.

முதல் கண்ணி எவ்வளவு வலுப்பெற்றது என்பதை 2015 டிசம்பரில் சென்னை காட்டியது. டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றில் பெருக்கெடுத்தது. விமான நிலையம் மூடப்பட்டது. பயணிகள் விமானங்கள் மீண்டும் பறக்க 6ஆம் தேதி ஆகிவிட்டது. ஊழியர்கள் அச்சகத்துக்கு வர முடியாததால், 1878இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழ் முதன்முறையாகச் சென்னையில் ஒரு நாள் அச்சாகவில்லை. பத்திரிகை நின்றுபோன அந்த நாளில் ட்விட்டரும் வாட்ஸ்அப்பும் ஓடிக்கொண்டிருந்தன. யார் வீட்டில் இடம் இருக்கிறது, எங்கே படகு தேவை, எந்த மண்டபத்தில் சாப்பாடு கிடைக்கும், எந்தச் சாலையில் நீர் நிற்கிறது என்று ஆயிரக்கணக்கான செய்திகள் பறந்தன. தன்னார்வலர்கள் அவற்றைத் திரட்டிப் பொது அட்டவணைகளில் இட்டார்கள். நீர் சூழ்ந்த சாலைகளை எவரும் குறித்துக்காட்டும் வகையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் ஒன்று திறந்துவிடப்பட்டது. தாம் பத்திரமாக இருப்பதை ஒரே தொடுதலில் உறவினருக்குத் தெரிவிக்க ஃபேஸ்புக் தன் பாதுகாப்பு அறிவிப்பு வசதியைச் சென்னைக்காக இயக்கியது.

இந்தப் பணியில் வெளியூர்க்காரர்களின் கை பெரியது. அவர்களுக்கு மின்சாரம் இருக்கிறது, இணையம் இருக்கிறது, தலைக்கு மேல் நனையாத கூரை இருக்கிறது. சென்னையில் ஒருவர் கைப்பேசியின் கடைசி மின்னூட்டத்தைப் பொத்திப் பாதுகாக்கும்போது, சிங்கப்பூரில் வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் அமர்ந்திருப்பவர் நூறு எண்களுக்கு அழைத்துப் பார்க்கலாம். அழைப்பதுதான் இதில் முக்கியமான வேலை. அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையா, இன்னும் உண்மையா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு கர்ப்பிணி மாடியில் சிக்கியிருக்கிறார் என்று காலை எட்டு மணிக்கு வந்த செய்தி, அவர் பத்து மணிக்கே மீட்கப்பட்ட பிறகும் இரவு வரை கைமாறிக்கொண்டே இருக்கும். உதவி கேட்கும் செய்தி பிறக்கிறது, ஆனால் அது தானாக இறப்பதில்லை. இறந்துபோன செய்தியின் பின்னால் ஒரு படகு போனால், உயிருள்ள இன்னொரு செய்திக்கு அந்தப் படகு கிடைக்காது. ஆகவே 'இவர் மீட்கப்பட்டுவிட்டார்' என்ற குறிப்பும் 'காப்பாற்றுங்கள்' என்ற கூக்குரலைப் போலவே உயிர்காக்கும் செய்திதான். அதை அனுப்புவதற்குத்தான் யாருக்கும் நினைவு வருவதில்லை.

2018 ஆகஸ்டில் கேரளம் இதிலிருந்து ஒரு படி மேலே போனது. சிதறிக்கிடந்த வேண்டுகோள்களை ஒரே இடத்தில் குவிக்க, அரசின் தகவல் தொழில்நுட்பப் பிரிவும் இளம் தன்னார்வலர்களும் சேர்ந்து 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையத்தளத்தை உருவாக்கினார்கள். அங்கே பதிவான வேண்டுகோளை மீட்புப் பணியில் இருந்தவர்களும் பார்த்தார்கள். மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து தெருக்களில் இறக்கினார்கள். திரையும் துடுப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட இடம் அது.

சென்னையும் கொச்சியும் பேசத் தெரிந்த நகரங்கள். பேச முடியாத இடங்களில் என்ன நடக்கிறது?

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் பல்லாயிரக்கணக்கில் முறிந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் அடங்கின. சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழர்களில் எத்தனையோ பேருக்கு அந்த மாவட்டங்கள்தான் சொந்த ஊர். புயலுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் நான் பார்த்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை. வழக்கமாக வீட்டோடு காணொளியில் பேசிச் சிரித்தபடி நிற்பவர்கள், அன்று கைப்பேசியைக் காதில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எடுத்தார்கள். மறுபடி வைத்தார்கள். இணைப்பு இல்லை. சமூக ஊடகத்தைத் திறந்தால் அந்த ஊர்களைப் பற்றிச் செய்தி குறைவாகவே இருந்தது. குறைவாக இருந்ததற்குக் காரணம் சேதம் குறைவு என்பதல்ல. சொல்வதற்கு வழி இல்லை என்பதே.

சமூக ஊடகத்தை அளவுகோலாக வைத்துப் பேரிடரை அளப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதிகம் கத்தும் இடம் அதிகம் அடிபட்ட இடமாகத் தோன்றும். கோபுரம் நிற்கும் இடம், இளைஞர்கள் இருக்கும் இடம், ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும் இடம் முதலில் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் 800 பேர் சிக்கிய செய்தி எங்கும் பரவியது. பரவியதில் தவறே இல்லை. ஆனால் அந்த ரயில் நின்ற வட்டாரத்தில் நாள்கணக்கில் தொடர்பற்றுக் கிடந்த சிற்றூர்களின் பெயர்கள் நமக்குத் தெரிய வெகுநேரம் ஆனது. அப்படிப்பட்ட ஊர் மக்கள்தான் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள் என்பதையும் பிறகுதான் அறிந்தோம். பேரிடர் மேலாண்மையில் இருப்பவர்கள் வரைபடத்தில் செய்தி குவியும் புள்ளிகளைப் பார்ப்பது போலவே, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்து இன்று மௌனமான புள்ளிகளையும் தேட வேண்டும். அந்த மௌனத்தை முதலில் உணர்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்தான். எங்கள் தெருவில் ஒருவர்கூட எடுக்கவில்லை என்பதும் அதிகாரிகளுக்குச் சொல்லத்தக்க தகவல்தான்.

இனி வதந்தி. 2012இல் சாண்டி சூறாவளியின்போது நியூயார்க் பகுதியில் வீதி வெள்ளத்தில் சுறா நீந்துவதாகப் படம் பரவியது. சென்னை வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகச் சொன்னார்கள். எல்லா முதலைகளும் பண்ணையிலேயே இருக்கின்றன என்று நிர்வாகம் அறிவிக்க வேண்டியிருந்தது. 2016இல் ஜப்பானின் குமமோட்டோ நிலநடுக்கத்தின்போது சிங்கம் தெருவில் உலவுவதாக ஒருவர் படத்துடன் பதிவிட்டார், பின்னர் கைதானார். ஊருக்கு ஊர் விலங்கு மட்டும் மாறுகிறது. இதைப் படித்துவிட்டு, விலங்கு தப்பியதாக வரும் எதையும் நம்பக்கூடாது என்று முடிவுகட்டினாலும் தவறாகிவிடும். 2015 ஜூனில் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் வெள்ளம் வந்தபோது மிருகக்காட்சிசாலை விலங்குகள் உண்மையாகவே தப்பின. ஒரு புலி ஒருவரைக் கொன்றது. செய்தி நம்பும்படி இருக்கிறதா என்று நம் மனத்தைக் கேட்பதால் பயனில்லை. யார் பார்த்தார், எப்போது பார்த்தார், எங்கே பார்த்தார் என்று கேட்பது ஒன்றே வழி.

தமிழ்க் குழுக்களில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது குரல் பதிவு. பதற்றமான ஒரு குரல், 'ஏரி உடைந்துவிட்டது, எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்கிறது. எந்த ஏரி, எந்த ஆண்டு என்று அதில் இருக்காது. படத்தையாவது தேடுபொறியில் போட்டுப் பழையதா என்று பார்க்கலாம். குரலை அப்படித் தேட வழியில்லை. அந்தக் குரலில் நம் அத்தையின் ஊர்ப்பேச்சு ஒலிப்பதால் நம்பிவிடுகிறோம். நல்லவாட்டைக் காப்பாற்றிய அதே நம்பிக்கைதான் இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. வேறுபாடு ஒன்று உண்டு: நல்லவாட்டு வீட்டாரால் அழைத்தவரிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடிந்தது.

வதந்தியை அடக்குவதில் நான் மதிக்கும் முன்னுதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் குவீன்ஸ்லாந்து காவல்துறை தன் ஃபேஸ்புக், ட்விட்டர் பக்கங்களை மணிக்கு மணி புதுப்பித்தது. பரவும் பொய்யை எடுத்துச் சொல்லி, அது பொய் என்று ஒரு தனி அடையாளச் சொல்லுடன் உடனுக்குடன் மறுத்தது. மக்கள் அந்தப் பக்கத்துக்கே வந்து கேட்கத் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் வானிலைப் பதிவர் பிரதீப் ஜானின் 'தமிழ்நாடு வெதர்மேன்' பக்கத்தை இங்கிருந்தும் பலர் திறந்து பார்ப்பதற்குக் காரணம் அதுவே. புயல் வராத நாள்களிலும் அங்கே வானிலை பேசப்பட்டது. நம்பிக்கையை வெள்ளம் வந்த பிறகு விதைக்க முடியாது.

நமக்கு அண்டை நகரான ஜகார்த்தாவில் இன்னொரு நல்ல யோசனை பிறந்தது. வெள்ளத்துக்கு அவர்கள் மொழியில் 'பஞ்சிர்' என்று பெயர். 2014 இறுதியில் தொடங்கிய 'பெத்தா ஜகார்த்தா' திட்டத்தில், ட்விட்டரில் அந்தச் சொல்லை எழுதுவோருக்கு ஒரு தானியங்கி பதில் அனுப்பும்: நீங்கள் இருக்கும் இடத்தையும் படத்தையும் சேர்த்து உறுதிப்படுத்த முடியுமா? உறுதிப்படுத்தியவை வரைபடத்தில் ஏறின. பேரிடர்களைக் கவனிக்கும் நகரின் அரசு முகவையும் அவற்றைப் பயன்படுத்தியது. சும்மா புலம்பியவரைச் சாட்சியாக மாற்றிய வித்தை இது. தமிழுக்கு இதைச் செய்வது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மில் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். காமராஜர் நகரும் எம்ஜிஆர் நகரும் மேலத்தெருவும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. 'மேலத்தெருவில் இடுப்பளவு தண்ணீர்' என்பதை எந்தக் கணினியும் வரைபடத்தில் பொருத்த இயலாது. அந்த ஊர்க்காரர்தான் பொருத்த வேண்டும். அதோடு, இத்தகைய கருவிகள் தனியார் நிறுவனங்களின் தயவில் நிற்கின்றன. ட்விட்டர் தன் தரவை இலவசமாக எடுக்கும் வழியை 2023 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்திருந்ததால், துருக்கி நிலநடுக்கத்தில் உதவி கேட்கும் பதிவுகளைத் திரட்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள் பதறினார்கள். அதே வாரத்தில் துருக்கியில் அந்தத் தளமே சில மணி நேரம் முடக்கப்பட்டிருந்தது.

சிங்கப்பூருக்கு நிலநடுக்கமோ புயலோ பெரும்பாலும் வருவதில்லை. நமக்கு வாய்த்தவை திடீர் வெள்ளமும் புகைமூட்டமும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது கடைகளில் முகக்கவசம் தீர்ந்தது. ஃபேஸ்புக் வழியாக ஒன்றுசேர்ந்தவர்கள் முதியவர்களின் வீடுகளுக்கு முகக்கவசம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வெள்ள அபாய எச்சரிக்கைகளைத் தேசிய நீர் முகவையான பியுபி டெலிகிராமில் அனுப்புகிறது. இங்கே திடீர் வெள்ளம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். படம் மட்டும் அடுத்த ஆண்டு மழைக்கும் வந்து சேரும்.

உள்ளூரிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் வெள்ளத்தைப் பற்றியது அல்ல. குடிமைத் தற்காப்புப் படையின் 'மைரெஸ்பாண்டர்' செயலி 2015 முதல் இயங்குகிறது. ஒருவருக்கு இதயத்துடிப்பு நின்றுபோனால், சுமார் 400 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் தன்னார்வலர்களுக்கு அது சொல்கிறது. தீவு முழுவதற்கும் சொல்வதில்லை. போய்ச் சேரக்கூடியவருக்கு மட்டும் போய்ச் சேருகிறது. முந்நூறு பேர் குழுவுக்கு உதவி வேண்டுகோளை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் நாம் இந்த 400 மீட்டரை யோசித்துப் பார்க்க வேண்டும். வேண்டுகோள் பாபநாசத்திலிருந்து வந்தால், அந்த முந்நூறில் அங்கே இருப்பவர் யார்? அவரை மட்டும் அழைத்தால் என்ன?

பணம் திரட்டுவதைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் நல்ல மனம் கொண்டவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். புயல் படம் பரவியதும் யாரோ ஒருவர் தன் பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்று) எண்ணைப் போட்டு, ஊருக்கு அனுப்புகிறேன், கொடுங்கள் என்பார். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறக்காரியத்துக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டும் தொகையில் குறைந்தது 80 விழுக்காட்டை உள்நாட்டில் செலவிட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணத்துக்கு அதிலிருந்து விலக்குக் கேட்டுப் பெறலாம். சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் நிதி திரட்டும்போது இந்த நடைமுறைகளை அவை பார்த்துக்கொள்கின்றன. இந்தியப் பக்கத்திலும் கதவு உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள்தான் வெளிநாட்டவர் பணத்தை வாங்கலாம்; 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகனானவர், ஒரே ஊரில் பிறந்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் குடிக்கும் அண்ணன் தம்பி இருவருக்கு இரண்டு சட்டம். இது தெரியாமல் ஊர் இளைஞர் மன்றத்தின் கணக்குக்குப் பணம் அனுப்பி, அவர்களை விசாரணைக்கு இழுத்துவிடக் கூடாது.

என் குடும்பக் குழுவில் ஐப்பசி மழைக்கு முன்பாக ஒரு பட்டியல் தயாரித்தோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முழுத் தொலைபேசி எண் அதில் முதலில் இருக்கிறது. 1077 என்ற குறுக்கு எண்ணை வெளிநாட்டிலிருந்து அப்படியே அழைத்தால் இணைப்புக் கிடைக்காது. பிறகு ஒவ்வொரு வீட்டின் வரைபடப் புள்ளியையும் எண்களாகவே எழுதி வைத்தோம், இணையம் போனாலும் குறுஞ்செய்தியில் அனுப்பலாம் என்பதற்காக. சிக்கியவர் அனுப்பும் இருப்பிடம்தான் உதவும். இங்கிருந்து பதறிப்போய் நான் அனுப்பினால் மீட்புப்படகு சிங்கப்பூரின் ஈசூனைத் தேட வேண்டியதுதான். மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம், ஜெனரேட்டர் வைத்திருக்கும் கல்யாண மண்டபம், டயாலிசிஸுக்குப் போகும் பெரியப்பா, ஊராட்சித் தலைவர், படகுக்காரர் எல்லாம் சேர்ந்தாயிற்று. கடைசி வரி இன்னும் காலியாக இருக்கிறது. கோயில் ஒலிபெருக்கி அறையின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.